கணவர் பெயர் தெரியாத கல்யாணம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"என்ன தலைப்புங்க போடறது?" என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டார். "கணவர் பெயர் தெரியாத கல்யாணம்" என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. "அழைப்பிதழில் அப்படியே போடலாமாங்க?" என்றார். தாராளமாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏதோ சினிமாக் கதை என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் பேசப்போவது பதிவேடுகளைப் பற்றி. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் லெட்ஜர் புரட்டியவளிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

எங்கள் ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. சேலத்துக்கு வடக்கே, ஏற்காடு மலை அடிவாரம். வெளியூர் நண்பர்களுக்கு இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல வராது. ஊரில் என் தாத்தாவுக்குச் சுயமாகச் சம்பாதித்த கொஞ்சம் புஞ்சை நிலம் இருந்தது. சோளமும் கடலைக்காயும் குச்சிக்கிழங்கும் விளைந்த பூமி. தாத்தா 1974-இல் காலமானார். உயில் எழுதவில்லை. நிலம் அவர் பெயரிலேயே கிடந்தது. சேலம் நகரம் மெல்ல மெல்ல மலையடிவாரம் வரைக்கும் வந்து சேர்ந்தபோது, கிழங்கு போட்ட காட்டுக்கு வீட்டுமனை விலை வந்துவிட்டது. அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் தாத்தா நினைவு வந்தது!

2016-இல் பட்டாவை மாற்றுவதற்காக வாரிசுச் சான்றிதழ் கேட்டு மனு எழுத உட்கார்ந்தோம். தாத்தாவுக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மகன்களில் மூத்தவர் என் பெரியப்பா, அடுத்தவர் என் அப்பா. கடைசிப் பெண் என் அத்தை. அத்தை பெயருக்கு நேரே என்ன எழுதுவது? பெரியப்பா வீட்டு அண்ணன் சொன்னார்: "கல்யாணம் ஆகாமலே காலமாயிட்டாங்கன்னு எழுதிரலாம். யாரு வந்து கேக்கப்போறாங்க?"

அத்தையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆசிரியப் பயிற்சி முடித்து 1961-இல் தர்மபுரிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குப் போனார். மூன்று வருஷம் கழித்து, வேறு சாதியைச் சேர்ந்த ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டார் என்று சேதி வந்தது. அன்றோடு எங்கள் வீட்டில் அவர் பேச்சு நின்றது. அந்த மாப்பிள்ளையின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. எங்கள் தலைமுறைக்கு அது தெரியவும் தெரியாது.

அந்த ஒரு வரியை எப்படி எழுதுகிறோம் என்பதில் சட்டப்படி எவ்வளவு இருக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சொத்தில் மகனுக்குள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு. யாரைக் கட்டினாள், எங்கே போனாள் என்பதெல்லாம் கணக்கில் வராது. தகப்பன் வழியில் வந்த அந்தப் பங்கு, அவள் காலத்துக்குப் பிறகு யாருக்குப் போகும்? பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அவள் கணவருக்கும். பிள்ளை வழியே இல்லையென்றால் திரும்பவும் தகப்பன் வீட்டு வாரிசுகளுக்கு. ஆக, "கல்யாணம் ஆகவில்லை" என்று எழுதினால் அந்த மூன்றில் ஒரு பங்கு எங்கள் கைக்கே திரும்பி வரும். "ஆயிற்று, பிள்ளைகள் உண்டு" என்றால், நாங்கள் முகம் பார்த்திராத யாருக்கோ போகும். தெரியாததை எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. "அண்ணா, ஒரு வருஷம் டைம் கொடுங்க, தேடிப் பார்க்கறேன்" என்றேன்.

பெயர் இருந்தும் ஆள் கிடைக்காத கதை

முதலில் போனது ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு. அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர். "மாப்பிள்ளை பேரு?" என்றார். தெரியாது. "எந்த வருஷம்?" சுமாராக 1964. "எந்த ஆபீஸ்ல பதிஞ்சது?" அதுவும் தெரியாது. "ஏம்மா, அட்ரஸே இல்லாத கடுதாசிய கொண்டாந்து பட்டுவாடா பண்ணச் சொல்றீங்களே!" என்று சிரித்தார்.

அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. இந்து திருமணச் சட்டம் வந்தது 1955-இல். அதில் பதிவு செய்ய வழி வைத்தார்களே தவிர, நம் பக்கம் எல்லோருக்கும் அது கட்டாயம் ஆகவில்லை. எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2006-இல். தமிழ்நாட்டில் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது 2009-இல். அதற்கு முன் நடந்த பெரும்பாலான கல்யாணங்களுக்குச் சாட்சி பந்தலும் பந்தியும் மட்டும்தான். சுயமரியாதைத் திருமணங்களின் நிலைமை இன்னும் கஷ்டம். அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பே சொல்லிவிட்டது. அண்ணா முதல்வராக இருந்த 1967-இல் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான், அதற்கு முன் நடந்தவையும் சேர்ந்து, அவை சட்டப்படி செல்லுபடியாயின.

அடுத்த சிக்கல் நம் இனிஷியல். வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் ஒரு குடும்பப் பெயர், பின் ஒரு குடும்பப் பெயர். நமக்கு ஓர் எழுத்து. அப்பா பெயரின் முதல் எழுத்து போய்க் கணவர் பெயரின் முதல் எழுத்து வந்து உட்காரும். கணவர் பெயரே தெரியாதபோது அந்த எழுத்தை எங்கே போய்த் தேடுவது? லட்சுமி என்ற பெயரையே ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு குமாஸ்தா ஒரு மாதிரியும் இன்னொருவர் இன்னொரு மாதிரியும் எழுதி வைத்திருப்பார். அகர வரிசையில் பார்த்தால் இரண்டும் இரண்டு மூலையில் இருக்கும்.

மூன்றாவது சிக்கல், மாவட்டம். இன்றைய மாணவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். 1965 அக்டோபர் 2-ஆம் தேதி வரை தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே சேலம் மாவட்டம்தான். நாமக்கல் பிரிந்தது 1997 ஜனவரி 1. கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004. பழைய காகிதத்தில் "சேலம் ஜில்லா" என்று இருந்தால் அது இன்றைய நான்கு மாவட்டங்களில் எதுவாகவும் இருக்கலாம். நம் ஊர்ப் பக்கம் பழைய ஆவணம் தேடுகிற யாரும் இதை மறக்கக் கூடாது.

பெண்ணைப் பிடித்துக்கொண்டு போவது

வங்கியில் ஒரு பழக்கம் உண்டு. கணக்கு எண் தெரியாவிட்டால், அந்த ஆள் தொட்ட மற்ற காகிதங்களைப் பார்ப்போம். அதையே இங்கே செய்தேன். மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் காகிதம் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. அத்தை படித்த சேலம் உயர்நிலைப் பள்ளியில் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பெயரை எழுதிய விதம், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாம் கிடைத்தது. வேறொருத்தியை நம் அத்தை என்று நினைத்து ஏமாறாமல் இருக்க இது ரொம்ப முக்கியம்.

அடுத்து ஊர்க் கிழவிகள். எங்கள் தெருப் பாட்டி ஒருவர், தொண்ணூறு வயசு, முதலில் பிடி கொடுக்கவில்லை. "ஏங்கண்ணு, அதெல்லாம் இப்ப எதுக்கு? போனது போவட்டும்" என்றார். மூன்றாம் முறை போனபோது, "கோயில்ல தாலி கட்டலயாம். ஆபீசுல கையெழுத்துப் போட்டாங்களாம். அதச் சொல்லிச் சொல்லித்தான் உங்க பாட்டி அழுதா" என்றார். இந்த ஒரு வாக்கியம் எனக்குப் பொன் மாதிரி. கையெழுத்துக் கல்யாணம் என்றால் எங்கோ ஒரு புத்தகத்தில் அது இருந்தே ஆக வேண்டும்!

அனேகமாக அது 1954-ஆம் ஆண்டு தனித் திருமணச் சட்டப்படி நடந்திருக்கும். அந்தச் சட்டத்தில் முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதில் இருவர் பெயர், வயது, தொழில், இருப்பிடம், நிரந்தர இருப்பிடம் எல்லாம் இருக்கும். அறிவிப்புப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பார்க்கலாம் என்று சட்டமே சொல்கிறது. நிரந்தர இருப்பிடம் வேறு மாவட்டமாக இருந்தால் அங்குள்ள அலுவலகத்திலும் ஒரு நகல் ஒட்டப்படும். பிறந்த ஊர்ப் பக்கமே தேடிப் பார்க்க அது ஒரு நல்ல வழி. எங்கள் துரதிர்ஷ்டம், 1964-இல் இரண்டு ஊரும் ஒரே சேலம் மாவட்டம். அந்தக் கதவு மூடிவிட்டது.

அத்தை ஆசிரியை. ஆசிரியைக்குப் பணிப்பதிவேடு உண்டு. அதில் கணவர் பெயர், வாரிசு நியமனம் எல்லாம் இருக்கும். தகவல் உரிமைச் சட்டப்படி ஓர் அலுவலகத்துக்கு மனுப் போட்டேன். "மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம்" என்று 8-ஆவது பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நானும் வங்கியில் அதே மாதிரி பலருக்குப் பதில் எழுதியவள்தான். அதனால் கோபம் வரவில்லை.

அப்போது என்னோடு படித்த தோழி ஒருத்தி, அவளும் ஓய்வு பெற்ற ஆசிரியை, ஒரு வார்த்தை சொன்னாள்: "ஏண்டி, சர்வீஸ்ல இனிஷியல் மாத்தணும்னா கெசட்ல போடணுமே!"

அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்புகள் என்று ஒரு பகுதி உண்டு. இன்னார் மகள் அல்லது மனைவி, பழைய பெயர் இது, இனிமேல் இந்தப் பெயரால் அறியப்படுவேன், முகவரி இது என்று இருக்கும். ஒரே வரியில் பிறந்த வீடும் புகுந்த வீடும் சேர்ந்து நிற்கிற காகிதம் இதைப் போல் வேறு கிடைப்பது அபூர்வம். அதுவும் ரகசியம் இல்லாத, அச்சடித்து வெளியிட்ட காகிதம். பழைய அரசிதழ்களைப் பார்க்கச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, கன்னிமாரா நூலகம் இருக்கிறது. அறுபதுகளில் அதற்கு "ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெசட்" என்று பெயர். பிறகு தமிழ்நாடு அரசிதழ் ஆனது.

1964-இலிருந்து தொடங்கினேன். வாரா வாரம் வந்த இதழ்கள், ஆண்டு ஆண்டாகக் கட்டிய பெரிய கட்டுகள். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. இரண்டு தடவை சென்னைக்குப் போய், மொத்தம் ஆறு நாள். கடைசியில் 1971-ஆம் வருஷத்துக் கட்டில் இருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத்தான் அத்தை இனிஷியலை மாற்றியிருக்கிறார். பழைய இனிஷியலோடு அவர் பெயர், அடுத்து புதுப் பெயர், இன்னார் மனைவி என்று ஒரு பெயர், தர்மபுரிப் பக்கம் ஒரு பள்ளியின் முகவரி. எங்கள் வீட்டில் ஐம்பது வருஷம் யாரும் சொல்லாத பெயரை அங்கே அச்சில் படித்தேன். அது மிகச் சாதாரணமான ஒரு பெயர். எங்கள் தெருவிலேயே அந்தப் பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள்.

சாட்சிக் கையெழுத்து

கணவர் பெயரும் ஊரும் கிடைத்த பிறகு வேலை சுலபம். அந்தப் பகுதிப் பதிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கட்டணம் கட்டி, 1964-ஆம் ஆண்டுச் சான்றுப் புத்தகத்தைப் பார்த்தேன். மணமகன், மணமகள், கீழே சட்டப்படி மூன்று சாட்சிகள். முதல் இரண்டு பேர் அந்த ஊர் ஆசிரியர்கள். மூன்றாவது சாட்சியின் முகவரி, கொண்டப்பநாயக்கன்பட்டி!

அவர் அத்தைக்கு எங்கள் ஊரில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த வாத்தியார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர். தாத்தாவோடு தினமும் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர். கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாத்தா அவர் முகத்திலேயே விழித்திருக்க மாட்டார். அவரும் காலமாகிவிட்டார். மகன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "டீச்சரம்மாவா? அவங்க பொண்ணு எங்க அப்பா காரியத்துக்குக்கூட வந்துட்டுப் போனாங்களே" என்று சர்வசாதாரணமாகச் சொல்லி, போன் நம்பரைக் கொடுத்தார்.

அத்தை 2003-இலேயே இறந்துவிட்டார். மாமாவும் இல்லை. ஒரு மகள், ஒரு மகன். போனில் பேசினேன். சொத்து விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பங்கு கெடக்கட்டும் அக்கா. எங்கம்மா பேரு அந்த ஊர் காயிதத்துல வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். வாரிசுச் சான்றிதழில் தாத்தாவின் மகளாக அத்தை பெயரும், அவருக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் பெயரும் வந்தன. நிலம் மூன்றாகப் பிரிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். பெரியப்பா வீட்டு அண்ணன் இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

மற்றவர்களுக்கும் ஆகும்

உங்கள் வீட்டில் வேறு மாதிரி இருக்கலாம். அதனால் தெரிந்த சில வழிகளைச் சொல்கிறேன்.

கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் பெண்ணின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். அவளுக்குத் திருமணம் நடந்தால் அந்த விவரத்தை ஞானஸ்நானப் பதிவின் பக்கத்திலேயே குறிக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. பிறந்த ஊர்க் கோவிலிலேயே கணவர் பெயர் கிடைக்க வாய்ப்பு உண்டு. முஸ்லிம் குடும்பமாக இருந்தால் பெண் வீட்டு ஜமாஅத்தின் நிக்காஹ் புத்தகம். நம் பக்கத்துக் கல்யாணம் என்றால் பரணில் கிடக்கும் மொய் நோட்டு. பங்காளி வீட்டு மொய் நோட்டில் "இன்ன ஊர் மாப்பிள்ளை" என்று அவர் பெயர் ஏதோ ஒரு விசேஷத்தில் இருக்கும். பழைய வாக்காளர் பட்டியலில் பெண் பெயருக்குப் பக்கத்தில் கணவர் பெயர் இருக்கும். கிரயப் பத்திரங்களில் "இன்னார் குமாரத்தி, இன்னார் மனைவி" என்று எழுதுகிற வழக்கம் உண்டு.

கடல் கடந்து போனவர்களைத் தேடுகிறவர்களும் இந்த அவையில் இருக்கலாம். 1860 நவம்பரில் "ட்ரூரோ" கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நேட்டாலுக்குக் கூலிகளாகப் போனார்கள். நம் சேலம் ஜில்லாக்காரர்களும் அதில் உண்டு. கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் இருக்கும். குடும்பமாகப் போனவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள். மனைவியின் எண் தெரிந்தால் முன்னும் பின்னும் பாருங்கள், கணவர் நிற்பார். அங்கேயும் பதிவு ஒரு பெரிய பிரச்சினை ஆனது. 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் நீதிபதி சியர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத நம்மவர் திருமணங்கள் செல்லாது என்கிற மாதிரித் தீர்ப்பளித்தார். கட்டின மனைவி மனைவி இல்லை என்றாகிவிட்டது. அதனால்தான் அந்த வருஷம் காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் பெண்களும் சிறை சென்றார்கள். தில்லையாடி வள்ளியம்மை உயிரையே கொடுத்தார். 1914-இல் சட்டம் மாறியது. கல்யாணக் காகிதம் என்பது வெறும் காகிதம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சங்கத்துக்கும் மாணவர்களுக்கும்

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர் முகவரிப் புத்தகத்தைப் பாருங்கள். ஆண்களில் பெரும்பாலோரைக் கண்டுபிடித்துவிட்டோம். பெண்களுக்கு அனுப்பிய கடிதங்கள்தான் "இப்பெயரில் யாரும் இல்லை" என்று திரும்பி வருகின்றன. அவர்கள் எங்கேயும் போய்விடவில்லை. இனிஷியல் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த பதிப்பில் படித்த காலத்து இனிஷியல், இப்போதைய இனிஷியல் இரண்டுக்கும் இடம் விடுங்கள். ஒரு கட்டம் கூடுதலாக அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

மாணவ மாணவியருக்கு இரண்டு சொல்ல வேண்டும். ஒன்று, உங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். சட்டப்படி 90 நாளுக்குள் செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். கல்யாண ஆல்பத்துக்குச் செலவழிக்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். இரண்டு, இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். அவர் பிறந்த வீட்டு இனிஷியல் என்ன, அவருடைய அக்கா தங்கைகள் யார், யாரை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமாக, வீட்டில் யாருடைய பெயரைச் சொன்னால் பேச்சு நின்றுபோகிறதோ, அந்தப் பெயரைக் கேளுங்கள். முதல் நாள் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் நாள் சொல்வார்கள்.